கல்லறையில் ஒரு பெயர்



துப்பறியும் கதைகளை நான் நெடுநாள் மதித்ததில்லை. வகுப்பில் மாணவர் மடியில் அத்தகைய நூலைக் கண்டால் வாங்கி வைத்துக்கொள்வதே என் வழக்கம். அவ்வாறு வாங்கிய நூல் ஒன்றை, என் தமக்கையார் மறைந்த சில வாரங்களில், உறக்கம் வாராத ஓர் இரவில் பிரித்தேன். விடியும்வரை கீழே வைக்கவில்லை.

வில்கி காலின்ஸ் இயற்றிய 'வெள்ளுடைப் பெண்' என்னும் ஆங்கில நாவல் அது. டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1859 நவம்பரில் தொடங்கி 1860 ஆகஸ்டில் முடிந்த தொடர்கதை.

மேரியனும் லாராவும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள், தந்தையர் வேறு. லாராவிடம் அழகும் செல்வமும் உண்டு. மேரியனிடம் அறிவும் துணிவுமே உண்டு. லாராவை மணந்தவன் கடனில் மூழ்கியவன். அவள் இறந்தால் 20,000 பவுண்டு அவனைச் சேரும். மணமான பெண்ணின் சொத்துரிமையை இங்கிலாந்தின் சட்டம் 1870-லும் 1882-லுமே ஓரளவு திருத்திற்று என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

லாராவைப் போலவே தோற்றமுடைய ஆன் என்னும் ஏழைப்பெண் ஒருத்தி, வெள்ளுடை அன்றி வேறு உடுத்தாதவள், இதயநோயால் இறக்கிறாள். அவளை லாராவின் பெயரால் அடக்கம் செய்கிறார்கள். லாராவை ஆனின் பெயரால் மனநோய் விடுதியில் அடைக்கிறார்கள்.

தங்கை இறந்தாள் என்றே நம்பித் துயருற்ற மேரியன், ஆனைக் காண விடுதிக்குச் செல்கிறாள். எதிரே வருபவள் தன் தங்கை! தன் சிறு பொருளில் பெரும் பகுதியைக் காவற்பெண்ணுக்குக் கொடுத்து அவளை மீட்கிறாள். பிறகு இலண்டனில் ஓர் எளிய வாடகை வீட்டில், பணிப்பெண் செய்யும் வேலையனைத்தையும் மேரியனே செய்கிறாள். அறிவு தளர்ந்த லாரா வரையும் கோணல் படங்கள் விலைபோவதாக அவளிடம் சொல்லி, அவளை நேசிக்கும் ஓவிய ஆசிரியன் தன் காசையே தருகிறான். கொலை, சூழ்ச்சி எல்லாவற்றையும்விட இந்தச் சிறு பொய்தான் என்னைக் கலங்கச் செய்தது.

ஆயினும் அன்று நான் ஆனுக்காக அழவில்லை. மறுமுறை படித்தபோதே உறைத்தது. அவளும் லாராவின் தந்தைக்கு மணத்துக்குப் புறம்பாகப் பிறந்த மகள். லாராவுக்கு மற்றொரு சகோதரி. சிறுமியாயிருக்கையில் லாராவின் தாய் கொடுத்த பழைய வெள்ளைச் சட்டையின் நினைவாகவே ஆயுள் முழுதும் வெள்ளுடுத்தினாள். அந்த அம்மையாரின் கல்லறையைத் தன் கையால் துடைத்துத் தூய்மை செய்தவள், அதே குழியில் வேறொருத்தியின் பெயரோடு கிடந்தாள்.

இதைப் படித்ததும் நூலை மூடிவிட்டேன். என் தமக்கையாரின் இறுதிச் சடங்கன்று, எங்கள் தந்தையாரின் இளைய தாரத்து மகள் தாழ்வாரத்துத் தூணோடு ஒதுங்கி நின்று அழுதாள். அவளும் அக்காவை இழந்தவள்தானே! எங்களுள் எவரும் அவள் அருகே செல்லவில்லை. நானும் செல்லவில்லை.

கதையின் இறுதியில் பொய்யெழுத்து கல்லிலிருந்து அகற்றப்படுகிறது. ஆன் கேத்தரிக், 25 ஜூலை 1850 என்று மட்டும் பொறிக்கிறார்கள். லாரா இலண்டனுக்குப் புறப்பட்டதற்கு முந்திய நாள் அது. வஞ்சகத்தை மெய்ப்பித்ததும் அந்த நாள்தான். தன் இறப்பு நாளாலேயே சகோதரியின் பெயரை மீட்டுத் தந்தவளுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது.

நூலை அந்த மாணவனிடம் மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். தங்கைக்குக் கடிதம் எழுதத்தான் மேலும் ஒரு வாரம் ஆயிற்று. 'அன்புள்ள தங்கைக்கு' என்று தொடங்க, மூன்று தாள்களைக் கிழித்தேன்.