எத்தனை பிள்ளைகள்?
(ஜோகுபாளையத்தில் மகளிர் கூட்டம் ஒன்றில் பேசிய பேச்சு)



இன்று ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். தினமும் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் போடுகிறவர்கள்தானே நீங்கள்! இது பிள்ளைகளைப் பற்றிய கணக்கு.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, தெருவில் விடப்பட்ட பிள்ளை, வீட்டில் அடி உதை படும் பிள்ளை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது. தனியாகக் கிடைத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். 1098 என்ற தொலைபேசி எண்ணுக்குப் பேசினாலும் உதவிக்கு ஆள் வரும். காசு கிடையாது. இந்த எண் 1996-ல் மும்பையில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பரவியது.

சரி, நம் ஊரில் ஐந்து வயதுக்குள் எத்தனை பிள்ளைகள் இந்தக் குழுவின் படியேறுகிறார்கள்? நூற்றில் ஒன்றா, ஆயிரத்தில் ஒன்றா? கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

எண்ணிப் பார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். எண்ணினார்கள். 2007-ல் மாமல்லபுரம் பக்கம் இல்லப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. அது உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், பிள்ளைகளின் விவரங்களைச் சரியாகத் திரட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே சமயத்தில் மத்திய அரசு நாடு முழுவதும் இல்லங்களைக் கணக்கெடுத்தது. 9,589 இல்லங்கள் இருந்தன. அவற்றில் சுமார் 3,77,000 பிள்ளைகள் இருந்தார்கள். பத்தில் ஒன்பது இல்லங்கள் தனியார் தொண்டு நிறுவனங்கள் நடத்தியவை.

2020-ல் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் இன்னொரு எண் சொன்னது. இல்லங்களில் 2,56,000 பிள்ளைகள். அவர்களில் 1,84,000 பேர் எட்டே மாநிலங்களில். நம் கர்நாடகமும் தமிழ்நாடும் அந்த எட்டில் உண்டு. அந்தப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்கப் பாருங்கள் என்று ஆணையம் அந்த மாநிலங்களுக்கு எழுதியது. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள் அல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது. சோறு போட முடியாமல் விட்டவர்கள், பள்ளிக்கூடத்துக்காக விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இந்த எண்களைக் கேட்டால் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். இல்லை. கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தி நடக்கும்போது ஒருவர் எட்டிப் பார்த்து, நூறு பேர் சாப்பிடுகிறார்கள் என்கிறார். அது உண்மைதான். ஆனால் அன்று முழுவதும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? அது எச்சில் இலையை எண்ணினால்தான் தெரியும். இல்லத்தில் இன்று இருக்கும் பிள்ளைகளை எண்ணுவது பந்தியை எண்ணுவது போல. ஒரு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளை அதில் வராது. பத்து வருஷம் அங்கேயே கிடக்கும் பிள்ளை எப்போது எண்ணினாலும் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெஜஸ்டிக் ரயில் நிலையத்தில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று தனியாக அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில்வே போலீஸ் பதிவேட்டில் ஒன்று. 1098 பதிவில் ஒன்று. ஆஸ்பத்திரியில் ஒன்று. குழு முன்னால் ஒன்று. பிள்ளை ஒன்று, எண்ணிக்கை நான்கு! பதிவேடுகளைச் சேர்த்துப் பார்க்காமல் கூட்டினால் இப்படித்தான் ஆகும்.

சரியான வழி என்ன? ஒரே வருஷத்தில் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஐந்து வயது ஆகும்வரை பார்க்க வேண்டும். அதற்குள் எத்தனை பேர் குழுவிடம் வந்தார்கள் என்று எண்ண வேண்டும். ஒரு பிள்ளை பத்து முறை வந்தாலும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு கணக்கு எடுத்தார்கள். 2009-10-ல் பிறந்த பிள்ளைகளைப் பற்றி அந்தந்த ஊர் நகர சபைகளிடம் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டார்கள். 2016-ல் முடிவு வெளியானது. ஐந்து வயதுக்குள் ஐந்தில் ஒரு பிள்ளையைப் பற்றி யாரோ ஒருவர் நலத்துறைக்குத் தகவல் கொடுத்திருந்தார். ஐந்தில் ஒன்று! பணக்கார நாட்டில்.

"அவ்வளவு பேரையும் தாயிடமிருந்து பிடுங்கிவிட்டார்களா?" என்று இங்கே ஒரு அம்மா கேட்கிறார். இல்லையம்மா. நல்ல கேள்வி கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். டாக்டர் உட்கார வைத்துச் சோதிப்பது சிலரை. படுக்கையில் சேர்ப்பது இன்னும் சிலரை. அதுபோல, தகவல் வந்தது ஐந்தில் ஒரு பிள்ளைக்கு. பாதுகாப்பு விசாரணை நடந்தது பத்தொன்பதில் ஒரு பிள்ளைக்கு. பிரித்து எடுத்துப் போனது அதிலும் குறைவு. ஆகவே யாராவது ஒரு எண் சொன்னால், அது எந்தப் படியின் எண் என்று முதலில் கேளுங்கள்.

எண் கூடினால் கெட்டது, குறைந்தால் நல்லது என்றும் நினைக்கக் கூடாது. 1992-ல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்றது. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் அது போனது. ஒரு ஊரில் போன வருஷம் பத்துக் குழந்தை, இந்த வருஷம் முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாகவேண்டிய இருபது பிள்ளை பிழைத்ததா? அல்லது வளர்த்திருக்கக்கூடிய இருபது தாய்மார் தொட்டில் இருக்கிறதே என்று விட்டுப் போனார்களா? தொட்டிலை மட்டும் எண்ணினால் இது தெரியவே தெரியாது. அந்த ஊரில் எத்தனை பெண் பிள்ளை பிறந்தது, எத்தனை இறந்தது என்பதும் வேண்டும். இந்தத் திட்டத்தைப் பற்றி இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் உண்டு. எண்ணைச் சொல்லி வாதாடுகிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் காது கொடுப்பேன்.

பிறப்புக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 89 பேருக்குப் பிறப்பு பதிவாகியிருந்தது. மீதிப் 11 பேர்தான் எனக்குக் கவலை. கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகள், பிளாட்பாரத்தில் பிறந்த பிள்ளைகள். பதிவு விட்டுப்போவது இப்படிப்பட்டவர்களுக்குத்தான் எளிது. குழுவின் படியேற அதிக வாய்ப்புள்ள பிள்ளைகளும் அவர்களேதான். எந்தக் கணக்கில் வர வேண்டுமோ அதில் வராமல் போகிறார்கள்.

இந்தக் கணக்கால் நமக்கு என்ன லாபம்? சொல்கிறேன். பெற்ற வீட்டிலேயே பிள்ளை வளர வேண்டும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. அதற்காக உதவித் தொகையும் இருக்கிறது. 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா விதிகளின்படி, கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கணவனை இழந்தவர், கணவன் விட்டுப்போனவர், தீராத நோய் உள்ளவர் கேட்கலாம். நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்? வறுமைக்காகப் பிள்ளையை இல்லத்தில் விட்டவர் இத்தனை பேர் என்று கணக்கு இருந்தால், அத்தனை பேருக்கும் இந்தத் தொகையைக் கொடு என்று கேட்கலாம். கணக்கு இல்லாவிட்டால் பணம் எவ்வளவு ஒதுக்குவது என்று அதிகாரிக்கும் தெரியாது.

"பெயர் வெளியே வந்தால் அவமானம் ஆயிற்றே" என்று பின்னால் பேசுவது கேட்கிறது. பிள்ளையின் பெயர், முகம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஜெயில் உண்டு. நமக்கு வேண்டியது எண் மட்டும்.

அந்த எண்ணை நாமே கேட்கலாம். குழு தன் வேலையைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை தர வேண்டும். ஆகவே தாளில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், 150 சொல்லுக்குள் கேட்க வேண்டும். நமக்கு அவ்வளவு சொல்லும் வேண்டியதில்லை. எழுதப் பழகிய அக்கா யாராவது நோட்டை எடுங்கள், நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பிறகு கன்னடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

"பெங்களூரு நகர மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன், கடந்த ஐந்து ஆண்டுகளில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முதல் முறையாக எத்தனை பேர் வந்தார்கள்? ஆண்டுவாரியாகச் சொல்லவும். அவர்களில் எத்தனை பேர் பெற்றோரிடம் திரும்பினார்கள், எத்தனை பேர் இல்லத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் தத்துப் போனார்கள்?"

'முதல் முறையாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அதன் கீழே ஒரு கோடு போடுங்கள்.