தேய்த்தலும் காத்தலும்

தூய்மையைப் பற்றிப் பேசுவதென்றால் பள்ளி ஆசிரியனுக்கு எப்போதும் ஓர் உற்சாகம் உண்டு. வகுப்பறைச் சுவரில் எழுதி வைப்போம். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுவோம். சனிக்கிழமைதோறும் பெஞ்சுகளைத் தேய்த்துக் கழுவச் சொல்லுவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதைச் செய்தவன். ஆனால் இன்று நான் சொல்லப்போவது, தூய்மை செய்யப் புறப்பட்டு ஒரு நல்ல பொருளைக் கெடுத்த கதை. கெடுத்தவன் வேறு யாரும் அல்லன், நானேதான். கதையின் நடுவே சிறிது இரசாயனமும் வரும். அதற்காகவே இதைச் சொல்லத் துணிந்தேன்.

என் மகள் கனடா நாட்டில், மானிட்டோபா மாகாணத்தின் தலைநகராகிய வின்னிபெக்கில் குடியிருக்கிறாள். ஒரு கோடைக்காலத்தில் நான் அங்கே சென்று தங்கியிருந்தேன். அவர்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு வண்டி நின்றது. மோட்டார் காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி அது. டிரெய்லர் என்று சொல்லுவார்கள். உள்ளே படுக்கை உண்டு, மேசை உண்டு, சிறு அடுப்பும் அலமாரியும் உண்டு. இத்தனையும் பதின்மூன்று அடி நீளத்துக்குள் அடக்கம். வெளியிலிருந்து பார்த்தால் பெரியதொரு முட்டையைப் போல இருக்கும்.

அந்த வண்டிக்குப் போலர் என்று பெயர். அது அந்த ஊரிலேயே பிறந்த வண்டி. வின்னிபெக்கைச் சேர்ந்த ரே ஒலெக்கோ என்பவர் முதலில் கண்ணாடி இழையைக் கொண்டு கழிவுநீர்த் தொட்டி செய்தவர். அதே பொருளால், சிறிய காரும் இழுக்கக்கூடிய இலேசான வண்டி ஒன்றைச் செய்யலாமே என்று எண்ணி, 1968 ஆம் ஆண்டில் இதைச் செய்யத் தொடங்கினார். அதன் உருவம் பழைய வட்டத் தொப்பியை ஒத்திருந்தது. அந்தத் தொப்பியின் பெயரே வண்டிக்கும் வந்தது. இவ்வண்டிகள் அங்கே இன்றும் போற்றப்படுகின்றன. 2018 ஆம் ஆண்டில் இதன் ஐம்பதாவது பிறந்த நாளை வின்னிபெக் நகரில் கொண்டாடினார்கள். பல ஊர்களிலிருந்து மக்கள் தங்கள் தங்கள் வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்து கூடினார்கள்.

என் மாப்பிள்ளை சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அப்படிப்பட்ட பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். இரண்டு வாரம் கழித்து, குடும்பத்தோடு ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்காவிலுள்ள ஏரிக்கரைக்குச் சென்று தங்குவதாக ஏற்பாடு. என் பேத்தி நாட்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு குறை. மழை பெய்தால் வண்டிக்குள் மெத்தையின் ஓரம் நனைந்தது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கூரை சாம்பல் நிறமாக மங்கிக் கிடந்தது. ஆங்காங்கே கருமையான திட்டுக்கள். விளிம்பிலிருந்து பக்கச் சுவர்களில் கறுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. இதை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று எண்ணினேன். மறுநாள் அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, பாத்திரம் துலக்கும் தூளையும் முரட்டுப் பச்சை நாரையும் எடுத்துக்கொண்டு ஏணிமேல் நின்றேன். மூன்று மணி நேரம் தேய்த்தேன். ஈரமாக இருந்தபோது கூரை பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெயிலில் உலர்ந்ததும் பார்த்தால், தேய்ந்த சிலேட்டுப் பலகைபோல ஒளி முழுவதும் போய்விட்டிருந்தது.

பள்ளியிலிருந்து வந்த பேத்தி ஏணியில் ஏறி, கூரையில் கையை வைத்து எடுத்தாள். உள்ளங்கை முழுவதும் வெள்ளைத் தூள். "தாத்தா, சாக்பீஸைத் தொட்டதுபோல இருக்கிறதே! இதை எதனால் செய்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்லுவேன்? தேய்ப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். கூரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பரவாயில்லை மாமா, பழைய வண்டிதானே" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு நான் மாணவனானேன். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கூரை எப்படி உண்டாயிற்று என்று படித்தேன். அறிந்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

கண்ணாடியை உருக்கி, தலைமயிரினும் மெல்லிய இழைகளாக இழுக்கலாம். இதைப் பெருமளவில் செய்யும் முறை 1930-களில் அமெரிக்காவில் உருவாயிற்று. இழைக்கு இழுவலிமை மிகுதி. ஆனால் தனியே நிற்காது. பாலியெஸ்டர் என்னும் பிசினை அதில் ஊறவைத்தால், பிசின் இறுகி இழைகளைப் பிடித்துக்கொள்ளும். சிமெண்டுக்குள் இரும்புக் கம்பியை வைப்பது போன்ற உறவு இது. இதைத்தான் ஃபைபர் கிளாஸ் என்கிறோம்.

வண்டியைச் செய்யும்போது முதலில் அச்சின் உட்புறத்தில் நிறமூட்டிய பிசினை மட்டும் மெல்லியதாகப் பூசுகிறார்கள். இதற்கு ஜெல் கோட் என்று பெயர். அது இறுகத் தொடங்கியதும் அதன்மேல் கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்குகிறார்கள். பிறகு அச்சிலிருந்து பிரித்தெடுத்தால், முதலில் உள்ளே போன பூச்சு எல்லாவற்றிற்கும் வெளியே தோலாக நிற்கிறது. மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று என இரண்டாகச் செய்து நடுவில் இணைத்தால் போலர் வண்டி ஆயிற்று. ஆகவே கூரையின் நடுவில் தையலே இல்லை.

அந்தத் தோலின் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் அரை மில்லிமீட்டர்தான். கூரையாயிற்றே, பகல் முழுவதும் வெயில் அதன்மேலேயே விழுகிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. மேற்பரப்பிலுள்ள பிசின் சிதைந்துவிடுவதால், அது பிடித்து வைத்திருந்த நிறப்பொடி தளர்ந்து நிற்கிறது. என் பேத்தியின் கையில் ஒட்டிய சுண்ணாம்புத் தூள் அதுவே. பக்கச் சுவரில் கறுப்புக் கோடாக வழிவதும், கூரையில் தங்கிய தூசியும் அழுக்கும் மழைநீரோடு இறங்குவதால்தான். சுவரைத் துடைத்துப் பயனில்லை. கூரையைக் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே வெயில் தின்ற அந்தத் தோலை நான் முரட்டு நாரால் மேலும் சுரண்டியிருந்தேன். ஓரிடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணாடி இழைகளே வெளியே தெரிந்தன. தோல் போன இடத்தில் இழை வழியே நீர் உட்புகும். வின்னிபெக்கில் குளிர்காலத்து இரவு பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரிகூடப் போகும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வெடிப்பில் புகுந்த நீர் உறைந்தால் வெடிப்பு விரியாமல் என்ன செய்யும்?

மறுநாள் மாலை முதல் நாங்கள் மூவரும் வேலையைத் தொடங்கினோம். இம்முறை முறைப்படி செய்தோம்.

முதலில் கழுவுதல். வெதுவெதுப்பான நீரில் மென்மையான பாத்திர சோப்பு நீரைச் சிறிதளவு கலந்து, மிருதுவான தூரிகையால், ஒரு சமயத்தில் ஒரு பகுதியாகக் கழுவினோம். சோப்பு உலர்வதற்கு முன்பே நல்ல நீர் விட்டு அலசினோம். சலவைத் திராவகமோ அம்மோனியா கலந்த நீரோ சேர்க்கவில்லை. கூரைமேல் யாரும் ஏறி நிற்கவில்லை. ஓட்டின் கனம் சில மில்லிமீட்டர்தான். ஆள் பாரம் பட்டால் தோல் மயிரிழையாக வெடிக்கும். ஏணியிலிருந்தே எட்டிச் செய்தோம்.

இரண்டாவது, ஒழுக்கைக் கண்டுபிடித்தல். தையலில்லாத கூரையில் நீர் எப்படி வரும்? மனிதன் போட்ட துளைகளின் வழியாகத்தான் வரும். உள்ளேயுள்ள அலமாரிகளைப் பிடித்திருக்கும் ரிவெட்டு ஆணிகள் ஓட்டைத் துளைத்து நிற்கின்றன. கூரையின் நடுவே 14 அங்குலச் சதுரத்தில் காற்றுப்போக்கி ஒன்று இருக்கிறது. பேத்தி கைவிளக்கோடு உள்ளே இருந்தாள். நான் ரப்பர்க் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, மெதுவாக நீர் விட்டேன். ரிவெட்டுகளின்மேல் விட்டபோது ஒன்றும் இல்லை. காற்றுப்போக்கியின் ஒரு மூலைக்கு வந்ததும், "தாத்தா, வருகிறது!" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. பழைய பசை காய்ந்து அங்கே வெடித்திருந்தது. நான் மூன்று மணி நேரம் கறையோடு போராடியிருந்தேன். குறை இருந்த இடமோ விரல் அகலம்தான்.

மாப்பிள்ளை காற்றுப்போக்கியின் திருகாணிகளைக் கழற்றினார். முன்பு யாரோ அதைச் சுற்றிச் சிலிக்கோன் பசையை அப்பியிருந்தார்கள். அது ஒட்டிய இடத்தில் பிறகு வேறு எதுவும் நன்றாக ஒட்டாது. அதை முழுதும் எடுப்பதற்கே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. பின்னர் பியூட்டைல் ரப்பர் நாடாவை விளிம்பின் அடியில் வைத்துத் திருகாணிகளைச் சீராக முடுக்கினோம். இந்த நாடா என்றும் களிமண்போல இளகியே இருப்பது. வெயிலில் கூரை விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் அதுவும் கூடவே அசைந்து கொடுக்கும்.

மூன்றாவது, தோலைச் சீராக்குதல். இழை தெரிந்த இடத்தில் புதிய ஜெல் கோட் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினோம். காற்றிலுள்ள பிராணவாயு பட்டால் அதன் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுக்கும் என்பதனால் இந்த ஏற்பாடு. மற்ற இடங்களில் மிக நுண்ணிய மெருகுப் பசையைத் துணியில் எடுத்து, அழுத்தாமல் தேய்த்தோம். இழந்த ஒளியில் ஒரு பங்கு திரும்பிற்று. முழுவதும் திரும்பவில்லை, இனித் திரும்பவும் திரும்பாது.

நான்காவது, மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் கார்னோபா என்னும் ஒருவகைப் பனை வளர்கிறது. வறண்ட காலத்தில் தன் ஈரம் போகாதிருக்க அது இலைகளின்மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. அந்த மெழுகைத்தான் மனிதர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சேப்பங்கிழங்கு இலையில் நீர் முத்தாக உருளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கும் மெழுகின் வேலை உண்டு. கூரை குளிர்ந்திருந்த மாலை நேரத்தில் மெழுகை மெல்லியதாகப் பூசி, உலர்ந்தபின் துடைத்தோம். வெயிலும் மழையும் இனி முதலில் மெழுகைத் தின்னும். தின்றால் மீண்டும் பூசலாம். தோலைத் தின்றால் மீண்டும் கிடைக்காது. ஆகையால் ஆண்டுக்கு இருமுறை மெழுகு. அதே நாளில் எல்லாத் துளைகளின் பசையையும் ஒரு பார்வை. நிழற்கொட்டகை இருந்தால் அதனினும் நன்று. தார்ப்பாயைக் கட்டி வைப்பது நல்லதன்று. காற்றில் அடித்து அடித்து அதுவே தேய்த்துவிடும்.

குறித்த நாளில் ஏரிக்கரைக்குப் போனோம். இரண்டாம் இரவு நல்ல மழை. மற்றவர்கள் உறங்கிவிட்டார்கள். நான் மட்டும் விழித்திருந்து, காற்றுப்போக்கியின் மூலையில் அடிக்கடி கையை வைத்துப் பார்த்தேன். விரல் உலர்ந்தே இருந்தது. இருட்டில், "மாமா, தூங்குங்கள். ஒழுகாது" என்றார் மாப்பிள்ளை. அதன்பின் தூங்கினேன்.

மாணவ நண்பர்களே, இப்படிப்பட்ட வண்டி உங்கள் தெருவில் இராது. ஆனால் அதே பொருள் உங்களைச் சுற்றி இருக்கிறது. நம் கடற்கரையில் இன்று கட்டுமரங்களின் இடத்தைப் பெரிதும் பிடித்திருப்பவை ஃபைபர் படகுகள். வெயிலில் நிற்கும் பழைய படகொன்றின் விளிம்பை, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அதன் பொருள் இப்போது உங்களுக்குத் தெரியும். அந்தப் படகை நம்பிக் கடலுக்குப் போகிறவருக்கு அதை எடுத்துச் சொல்லவும் உங்களால் முடியும்.

எதையும் துலக்கப் புகுமுன், இது எதனால் ஆயிற்று என்று கேளுங்கள். என் பேத்தி கேட்ட கேள்வி அது. ஆசிரியனாகிய நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே.