அத்தா ஏன் பேசுவதில்லை?
(முதியோர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொரோனாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பிய ஒரு பெரியவரை 2021ல் பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "காய்ச்சல் விட்டு ஒரு மாதமாச்சு ஹஜ்ரத். அத்தா வேணும்னே பிடிவாதம் பிடிக்கிறாங்க" என்றார் மகன். நானும் பொறுமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, டீயையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த நாலு வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

ஏன் தெரியுமா? அது பிடிவாதமாக இல்லாமல் நோயாக இருந்திருக்கலாம்.

வைரஸ் உள்ளே நுழைந்ததும் அதை எதிர்க்க நம் உடல் சைட்டோகைன் என்ற பொருட்களைச் சுரக்கிறது. அதனால் ஏற்படுவதுதான் அழற்சி. அதன் செய்தி இரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. உடனே பசி போகும், தூக்கம் கெடும், யாரிடமும் பேசப் பிடிக்காது. சாதாரணக் காய்ச்சலில் நாம் எல்லோரும் அனுபவித்ததுதானே இது! காய்ச்சல் விட்டதும் அழற்சியும் தணிய வேண்டும். ஆனால் வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, அழற்சி முன்பே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தணியவும் நாளாகும்.

இது வெறும் ஊகமா? முன்பு ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். வைரஸை எதிர்க்க உடலே சுரக்கும் பொருள்தான் அது. ஊசி போட்டவர்களில் கணிசமானோர் மனச்சோர்வில் விழுந்தார்கள்! 2020ல் இத்தாலியின் மிலான் நகரில் சான் ரஃபேலே மருத்துவமனையினர், கொரோனாவிலிருந்து மீண்ட 402 பேரை ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். 31 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நோயின்போது இரத்தத்தில் அழற்சி கூடுதலாக இருந்தவர்களிடம் அந்த அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. (இவர்கள் எல்லோரும் கிழவர்கள் அல்ல, சராசரி வயது 58தான்.)

எல்லாப் பழியையும் அழற்சியின் மீதே போட்டுவிட முடியாது. தனி அறையில் கிடந்த பயம், உடன் படுத்திருந்தவரின் மரணம், இவையும் மனதை அழுத்தும்.

பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். "அசதி, சோறு இறங்கவில்லை" என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12, உப்புச் சத்து ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் வெட்கப்படாதீர்கள். சில மனச்சோர்வு மாத்திரைகள் முதியவர்களுக்கு உடலில் உப்பைக் குறைத்துவிடும்; எனவே கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

"சாகும் எண்ணம் வருகிறதா அத்தா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.