வட்டிக் கணக்கும் வகைக்கெழுவும்

 

பதினோராம் வகுப்பில் நுண்கணிதம் தொடங்கியதும் பிள்ளைகள் பலர் ஓரிடத்தில் மருண்டு நிற்கின்றனர். அடுக்குக்குறிச் சார்பின் வகைக்கெழு அச்சார்பே; மடக்கைச் சார்பின் வகைக்கெழு ஒன்றின்கீழ் எக்சு. இவ்விரண்டையும் ஏன் என்று வினவாமலே உருப்போடுகின்றனர். உயர்கணக்குத் தமிழில் விளங்காது என்பார்க்கு இம்மருட்சியே படைக்கலன் ஆகிறது. மருட்சி தமிழால் வந்ததா? அன்று, பொருள் விளக்காமையால் வந்தது.

செட்டிநாடு வட்டிக் கணக்கில் வல்ல நாடு. பருமா, இலங்கை, மலையா முதலிய நாடுகளுக்குக் கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார், இரங்கூன் கோயிலில் திங்கள்தோறும் கூடி நடப்பு வட்டியை வரையறுத்தனர். அவ்வட்டிக் கணக்கினுள்ளேயே இந்நுண்கணிதம் அடங்கியுள்ளது.

ஓர் உருபாவுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டி எனக் கொள்க. ஆண்டிறுதியில் ஒருமுறை வட்டி சேர்த்தால் 2 உருபா. அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்து வட்டிக்கு வட்டி கணித்தால் 2.25. திங்கள்தோறும் சேர்த்தால் ஏறத்தாழ 2.613, நாள்தோறும் சேர்த்தால் 2.7146. நொடிதோறும் சேர்த்தாலும் 2.71828… என்னும் எல்லையைத் தாண்டாது. இக்கணக்கை 1683இல் ஆராய்ந்தவர் சுவிசு நாட்டு யாக்கோபு பெர்னூலி. அவ்வெண்ணுக்கு ஈ என்னும் உரோம எழுத்தைக் குறியாக இட்டவர் ஆய்லர்.

இங்ஙனம் இடையறாது வட்டி சேருங்கால், தொகை வளரும் விரைவு அவ்வப்போதுள்ள தொகையின் அளவே ஆகும். 5 உருபா உள்ளபோது விரைவு ஆண்டுக்கு 5 உருபா. 50 உள்ளபோது 50. அடுக்குக்குறிச் சார்பின் வகைக்கெழு அச்சார்பே என்பதன் பொருள் இதுதான். அடிமானம் வேறாயின் அதன் இயல்மடக்கையால் பெருக்குக. இரண்டின் அடுக்குக்கு அப்பெருக்கெண் ஏறத்தாழ 0.693.

இனி மடக்கை. ஒரு சொல் மடங்கி மடங்கி வருவதைத் தண்டியலங்காரம் மடக்கு என்கிறது. ஓர் எண் எத்தனை முறை மடங்கிப் பெருகிற்று என்பதைச் சொல்வது மடக்கை. வட்டிக் கணக்கில் அது திரும்பிய வினா: தொகை இவ்வளவாக எவ்வளவு காலம் ஆகும்? 1 உருபா உள்ளபோது ஒரு காசு வளர ஆகும் நேரத்தில், 10 உருபா உள்ளபோது பத்தில் ஒரு பங்கே போதும். 100 உள்ளபோது நூற்றில் ஒரு பங்கு. தொகை பெருகப் பெருக நேரம் குறுகும். ஒன்றின்கீழ் எக்சு என்பது இதுவே.

இதில் தமிழுக்கு எட்டாதது எது?

அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். நடுவண் மின்வேதியியல் ஆய்வகத்திற்கு நிலமும் பொருளும் ஈந்தார். 1953இல் அது திறக்கப்பெற்றது. மின்வேதியியற் சமன்பாடுகளில் மடக்கை இன்றியமையாதது. அவ்வாய்வகத்தின் மதிலுக்கு வெளியே தமிழ்வழிப் பயிலும் பிள்ளை, கணக்கறிந்தும் மொழிக்கு அஞ்சி வாயிலில் நிற்பதோ? பள்ளியில் மடக்கை என்று கற்றவன், கல்லூரியில் அதே பொருளை வேற்றுச் சொல்லில் முதலிலிருந்து கற்பதோ?

ஆசிரியர்களே! சூத்திரத்தை எழுதிப்போடுமுன் பொருளைத் தமிழில் விளக்குங்கள். பெற்றோரே! கல்லூரியிலும் தமிழ்வழிக் கணக்கைக் கேட்டுப் பெறுங்கள். அயற்சொல்லைக் கடன்வாங்கி வட்டி கட்டியது போதும். முதல் நம் கையில் உள்ளது, அதனைப் பெருக்குவோம்!

வெல்க தமிழ்!