கதை பாதியில் நிற்கும்போது

கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் பேச்சுகளை வானொலியில் பலமுறை கேட்டிருப்பீர்கள். கரு, பாத்திரம், உரையாடல், முடிவு என்று அவை ஒழுங்காகச் செல்லும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. இவையெல்லாம் தெரிந்த பிறகும், பத்துக் கதைகள் அச்சில் வந்த பிறகும், பதினோராவது கதை ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிடுகிறதே, அதைப் பற்றியே பேசப்போகின்றோம். அந்த ஐந்து பக்கங்களும் மேசை இழுப்பறையிலோ கணினியிலோ ஆறு மாதமாகக் கிடக்கும். எடுத்துப் பார்க்கவே மனம் கூசும். சிங்கப்பூரில் தமிழில் எழுதுகின்ற நம்மில் இந்த அனுபவம் இல்லாதவர் மிகச் சிலராகத்தான் இருப்பர்.

இதற்குச் சோர்வு என்று பொதுப்பெயர் வைத்துவிடுகிறோம். உற்றுப் பார்த்தால் அதற்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று உடலின் களைப்பு. எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவர் நம்மிடையே அரிது. ஆசிரியராகவும் எழுத்தராகவும் தாதியாகவும் பொறியாளராகவும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்த்து முடித்து, இரவு பத்து மணிக்குமேல் மிஞ்சுகின்ற நேரத்தைத்தான் கதைக்குக் கொடுக்கிறோம். அந்த வேளையில் வாக்கியம் வரவில்லை என்றால் அது திறமைக் குறைவன்று, தூக்கக் குறைவுதான். போய்ப் படுப்பதே அதற்கு மருந்து. விடியற்காலையில் அரைமணி நேரம் கிடைக்குமானால் அது இரவின் இரண்டு மணி நேரத்துக்குச் சமம் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

மற்றொன்று ஐயம். அது இவ்வளவு எளிதில் தீர்வதில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியாக அது தொடங்கும். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலுமுள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். நாற்பது பேருக்கு ஒருவர். அந்த ஒருவரும் கதை படிப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நூல் ஒன்று வெளியிட்டால் விழா மேடையில் மாலை உண்டு, பொன்னாடை உண்டு, பாராட்டுரை தாராளமாக உண்டு. மறுநாள் காலையிலிருந்து நிசப்தம். ஒருவர் கடிதம் எழுதித் திட்டினால்கூட ஆறுதலாக இருக்கும், ஆனால் திட்டுவதற்கும் ஆள் இல்லை. அந்த நிசப்தத்தில்தான் ஐயம் வேர்விடுகிறது. நாம் எழுதுவது மோசம் என்று எவரும் சொல்லாமலே நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறோம்.

இந்நிலையில் ஊக்கம் உள்ளிருந்து தானே ஊறிவரும் என்று காத்திருப்பதால் பயனில்லை என்பது நமது கருத்து. இவ்வட்டாரத் தமிழ்ப் புனைகதையின் வரலாற்றைப் புரட்டினால், எழுத்தாளரின் கையைப் பிடித்து எழுத வைத்தவை பெரும்பாலும் வெளியே இருந்த இரண்டு பொருள்கள் எனலாம். கெடுநாள் ஒன்று, படித்துப் பார்க்க ஓர் ஆள் மற்றொன்று.

1950-ஆம் ஆண்டுவாக்கில் கோலாலம்பூர்த் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். அக்காலத்தில் எழுத்துலகைப் பொறுத்தவரை மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே முற்றம். எழுதி அனுப்பினால் அக்கறையோடு படித்துக் குறை நிறை சொல்ல ஆள் இருந்ததே அவ்வகுப்பின் பெரும் பலம். 1953 முதல் 1957 வரை அதே நாளிதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, உள்ளூர் எழுத்தாளர்களை ஒன்றுகூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு', 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை இளையோருக்கென்றே ஒதுக்கியது. பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் பலர் அங்கே கைபழகியவர்கள்.

1976-இல் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் தோன்றியது. அதற்கடுத்த ஆண்டு நா. கோவிந்தசாமி 'இலக்கியக் களம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இதைப்பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நா. கோவிந்தசாமியை இன்று இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடியாகவே பலர் நினைவுகூர்கிறார்கள். 1999-இல் மறைந்த அவர், அடிப்படையில் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். உள்ளூரில் வெளிவந்த சிறுகதைகளை எடுத்துவைத்துப் படித்து, விவாதித்து, நல்லவற்றைத் தேர்ந்தெடுப்பது இலக்கியக் களத்தின் வேலை. எழுதுகிறவரின் பக்கத்திலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நம் கதை வருகிறது. ஒரு சிலர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து அதைப் படிக்கப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த நினைவு போதாதா, ஐந்தாம் பக்கத்தைத் தாண்டுவதற்கு?

கடும் விமர்சனம் மனத்தைப் புண்படுத்தாதா என்று கேட்கலாம். புண்படுத்தும், ஐயமில்லை. ஆயினும் படித்தவர் சொல்லும் குறைக்கு ஓர் எல்லை உண்டு. மூன்றாம் பத்தி நீளம் என்பார், முடிவு திணித்ததுபோல் இருக்கிறது என்பார். அதைத் திருத்திவிடலாம். நாமாக நமக்குச் சொல்லிக்கொள்ளும் குறைக்குத்தான் எல்லையில்லை. எந்தப் பத்தியில் கோளாறு என்று அது ஒருநாளும் சொல்வதில்லை. எல்லாமே கோளாறு என்றுதான் சொல்லும்.

எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் நடத்திவரும் 'கதைக்களம்' இந்த மரபின் தொடர்ச்சியே. ஈராண்டுக்கு ஒருமுறை என்ற முறையில் 1993-இல் தொடங்கிய தங்கமுனைப் போட்டி தமிழ்ச் சிறுகதைகளுக்கும் இடம் தருகிறது. பரிசு பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் நோக்கில் பரிசைவிடப் பயனுள்ளது அந்தப் போட்டியின் இறுதி நாள்.

கெடுநாளின் வலிமைக்கு வானொலியிலேயே ஒரு சான்று உண்டு. புதுமைதாசன் என்ற புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன் சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றியவர், நூற்றுக்கணக்கான வானொலி நாடகங்களை எழுதியவர். 1960களின் இறுதியில் ஒலியேறிய அவருடைய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' வாராவாரம் வந்த தொடர். வாரத் தொடருக்கு எழுதுகிறவர் இன்றைக்கு மனநிலை சரியில்லை என்று சொல்ல முடியாது. நடிகர்கள் வந்துவிடுவார்கள், ஒலிப்பதிவுக் கூடம் காத்திருக்கும். அடுத்த வாரம் அண்ணாசாமி பேசியே தீரவேண்டும். அது மட்டுமன்று. அடுக்குமாடி வீட்டுக் குடும்பத்தின் அன்றாடப் பாட்டை எழுதினால் இலக்கியமாகுமா என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. மின்தூக்கியும் நடைபாதையும் அண்டைவீட்டுச் சத்தமும் கதைக்குப் போதுமான பொருளா? போதும் என்று காட்டியது அத்தொடர். அவருக்கு 2008-இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

அவரிடமிருந்து கற்கத்தக்க இன்னொன்றும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்'தையும் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யையும் அவர் தமிழில் தந்திருக்கிறார். சொந்தக் கதை அடம்பிடிக்கும் நாள்களில் மொழிபெயர்ப்பு மிக நல்ல பயிற்சி என்போம். அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை இல்லை, அது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. சொல்லை மட்டும் தேடினால் போதும். கையும் ஓயாது, மனமும் ஆறும்.

நேர ஒழுங்கைப் பற்றிப் பேசும் ஆங்கில நூல்கள் அந்தோணி டிரோலப்பை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. அஞ்சல்துறை அதிகாரியாக இருந்துகொண்டே நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியதாக, அவர் காலமான பின் 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. காலையில் காப்பி கொண்டுவந்து எழுப்புவதற்காகவே ஒரு வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்துவந்தாராம். நம் வீடுகளில் அந்த வேலையாளும் நாமே. ஆகவே அவருடைய கணக்கை நாம் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு பக்கம் வேண்டாம், அரைப்பக்கம் போதும். பீஷானிலிருந்து நகருக்குள் வரும் ரயிலில் நின்றபடியே கைத்தொலைபேசியில் பத்து வரி தட்டிக்கொள்வோரும் உண்டு. அது குறைவென்று யார் சொல்வது?

இத்தனையும் செய்தும் எழுத்து வரவில்லை என்றால்? அப்போது நிறுத்திவிடலாம். இதைச் சொல்லக் கேட்டுத் திகைக்க வேண்டாம். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் நூலாக வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் அவர் எழுதாமலே இருந்தார். நாகர்கோவிலில் ஜவுளிக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1970களின் முற்பகுதியில் திரும்பி வந்தார். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வெளிவந்தது 1981-இல். அந்த மௌனத்துக்கு முன் எழுதியவரும் பின் எழுதியவரும் ஒருவர்தானா என்று வியக்கும்படி நடையும் பார்வையும் மாறியிருந்தன. அமெரிக்காவில் ஹென்றி ரோத் என்ற நாவலாசிரியர் 1934-இல் முதல் நாவலை வெளியிட்டார். அவருடைய அடுத்த நாவல் வந்தது 1994-இல். அறுபது ஆண்டு! அவ்வளவு நீண்ட விடுப்பை நாம் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் ஆறு மாதம் எழுதாதவர் எழுத்தாளர் அல்லர் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, எழுதாமல் விட்டால்தான் என்ன நட்டம்? இந்தக் கேள்வியை நேராகப் பார்க்க வேண்டும். நம் நகரம் வேகமாக மாறுகின்ற நகரம். சிராங்கூன் சாலையில் இருந்த பழைய தேக்கா சந்தையை எடுத்துக்கொள்வோம். புதிய கட்டடம் எழும்பி, 1982-இல் கடைக்காரர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். அதற்குச் சூச்சியாவ் நிலையம் என்று பெயரிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் அது மறுபடி தேக்கா நிலையம் ஆயிற்று. இந்தத் தேதிகளெல்லாம் ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. பழைய சந்தையில் தராசு முள்ளைச் சந்தேகத்தோடு பார்த்தபடி கீரை வாங்கிய பாட்டி எந்த ஆவணத்தில் இருக்கிறார்? கடை மாறிய முதல் வாரத்தில், வாடிக்கையாளர் தம்மைக் கண்டுபிடித்து வருவாரா என்று படிக்கட்டையே பார்த்திருந்த மீன்காரரின் மனம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அவர்களுக்குக் கதை ஒன்றே இடம் தரும். நாற்பது பேரில் ஒருவர் பேசும் மொழியில் அவர்களை எழுத வேறெவரும் வரமாட்டார்கள்.

மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்' நாவல் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தையும் இந்திய தேசிய ராணுவத்தையும் பற்றியது. அது வெளிவந்தது 1990-இல். போர் முடிந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2012-இல் ஆங்கிலத்திலும் வந்து, தமிழ் அறியாத சிங்கப்பூரர் கைக்கும் போயிற்று. எழுதும்போது இருந்த வாசகர் எண்ணிக்கையைக் கொண்டு எழுத்தை அளப்பது சரியான அளவையன்று என்பதற்கு இதைச் சொல்கிறோம். 2015-இல், நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, சமூகத்தினரும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து ஐம்பது ஆண்டுகாலச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை, ஏறத்தாழ 350 நூல்களை, மின்னாக்கம் செய்தார்கள். அவற்றில் பல, விழா முடிந்ததும் அட்டைப்பெட்டிக்குள் போன நூல்களாகத்தான் இருந்திருக்கும்.

இனி, கேட்பதற்கு ஆள் தேடும் முறையைப் பற்றி ஒரு சொல். வீட்டாரை வைத்துக்கொள்வது அவ்வளவு நல்லதன்று. அன்பினால் புகழ்வார்கள், இல்லையேல் கதையில் வரும் மாமியார் யார் என்று கேட்பார்கள். எழுதுகின்ற நண்பர் இருவர் அல்லது மூவர் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை கூட்டம் பெருகுவதற்கு முன் நான்கு மணிக்கு, டன்லப் தெரு, கேம்பல் லேன் பக்கம் ஏதேனும் ஓர் உணவுக்கடையில் மூலை மேசையாகப் பார்த்து அமருங்கள். ஒவ்வொருவரும் மூன்று பக்கம் கொண்டுவர வேண்டும், முடிந்த கதையாக இருக்க வேண்டியதில்லை. எழுதியவர் வாசிக்கக் கூடாது. மற்றவர் உரக்க வாசிக்க, எழுதியவர் கேட்க வேண்டும். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே குறி போட்டுக்கொள்ளுங்கள். கருத்துச் சொல்வோர் முதலில் எந்த இடம் பிடித்தது என்று சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைச் சொல்லட்டும். எழுதாமல் வருபவரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் அன்றைய தேநீருக்கும் வடைக்கும் காசு கொடுத்தால் போதும்.