விளையாட்டு யாருக்கு? கணக்கு யார் பேரில்?

(வேப்பம்பட்டில் மாணவர்களின் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. ஆனால் போன வாரம் இதே இடத்தில் தம்பிகள் ரெண்டு பேர் காரசாரமாகச் சண்டை போட்டதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைச்சிருக்கு. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்கிறது. இதெல்லாம் தேவையா இல்லையா என்பதுதான் சண்டை. 'நாட்டுக்குப் பெருமை, ரோடு வரும், வேலை வரும்' என்றார் ஒருத்தர். 'சோத்துக்கு அல்லாடுற நாட்டுல எதுக்கு இந்த ஆடம்பரம்' என்றார் இன்னொருத்தர். இரண்டு பேருமே 'பொதுப் பணம்' என்ற வார்த்தையைப் பலமுறை சொன்னார்கள். அந்தப் பொதுப் பணம் யாருடைய பணம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அதனால் இன்னைக்குக் கவிதை வேண்டாம், கணக்குப் பேசுவோம். நான் வங்கியில் எழுத்தர். கணக்குதான் எனக்குச் சோறு போடுகிறது.

2010 அக்டோபர் 3 முதல் 14 வரை டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன. அதற்கு அரசுத் துறைகள் செய்த செலவு ஏறக்குறைய 18,532 கோடி ரூபாய் என்று மத்தியத் தணிக்கைத் துறை 2011இல் அறிக்கை கொடுத்தது. மெட்ரோ ரயிலும் விமான நிலையமும் இதில் சேராது. அப்போது நாடே ஊழல் ஊழல் என்று கத்தியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கழிப்பறைக் காகிதச் சுருள் ஒன்று 4,000 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. சுரேஷ் கல்மாடி 2011 ஏப்ரலில் கைதானார். காகிதத்தின் விலையைப் பற்றி இவ்வளவு பேசிய பொதுப்புத்தி, அந்தக் கழிப்பறைகளைக் கழுவியவர்களின் கூலியைப் பற்றி மூச்சு விடவில்லை. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று ஒன்று வந்தது. பட்டியல் சாதி மக்கள் மக்கள்தொகையில் எத்தனை பங்கோ, திட்டச் செலவில் குறைந்தது அத்தனை பங்கை அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது. அந்த ஆண்டு செலவாகவில்லை என்றால் காலாவதியாகவும் கூடாது. இதுதான் விதி. டெல்லியில் நம்மவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அவர்களுக்கு வீடு, கல்வி உதவித்தொகை, விடுதி, தொழிற்கடன் என்று போக வேண்டிய பணம் அது.

அந்தப் பணம் எங்கே போனது? 'ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க்' என்ற அமைப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டு வாங்கிய ஆவணங்களை 2010 மே மாதம் வெளியிட்டது. டெல்லி அரசு இந்தத் திட்டத்திலிருந்து 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் தொடர்பான வேலைகளுக்குத் திருப்பியிருந்தது. ஆகஸ்டில் மாநிலங்களவையில் இது கேள்வியானபோது, அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 678 கோடி திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டு, அது தவறு என்றும் சொன்னார். கவனியுங்கள், இது எதிர்க்கட்சி மேடையில் வந்த குற்றச்சாட்டு இல்லை. நாடாளுமன்றத்தில் அரசே ஒத்துக்கொண்ட விஷயம்.

இதற்காக யார் கைதானார்கள்? யாரும் இல்லை. ஏனென்றால் இதைத் திருட்டு என்று எவனும் நினைக்கவில்லை. கல்மாடி விஷயத்தில் பணம் தனி ஆள் பைக்குள் போனதா என்று பார்த்தார்கள். நம்ம விஷயத்தில் பணம் பைக்குள் போகவில்லை. கோப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் போனது. மேல்சாதி மனசுக்கு முதலாவதுதான் ஊழல். இரண்டாவது நிர்வாகம்.

எங்க கிளைக்கு ஒரு பாட்டி வருவாங்க. முதியோர் உதவித்தொகை எடுக்க. அவங்க கைநாட்டு இல்லாமல் அந்தக் கணக்கிலிருந்து நூறு ரூபாயை நான் வேறு கணக்குக்கு மாற்றினால், மறுநாளே எனக்குச் சார்ஜ் மெமோ. வேலையே போகலாம். 'நான் அந்தக் காசை வீட்டுக்கு எடுத்துப் போகலையே சார், கிளைக்கு ஏ.சி. வாங்கத்தானே போட்டேன், பாட்டியும் வரும்போது அந்தக் காத்துல தானே உக்கார்றாங்க' என்று நான் சொன்னால் மேலாளர் என்ன செய்வார்? சிரிக்க மாட்டார். போலீசைக் கூப்பிடுவார்.

ஆனால் அரசாங்கங்கள் இந்தப் பதிலைத்தான் சொல்கின்றன. 'ரோட்டில் எல்லாரும்தானே போறாங்க, மேம்பாலத்தில் தலித்துகள் போகலையா' என்பது இப்படிப்பட்ட திருப்பல்களுக்கு வழக்கமாகச் சொல்லும் நியாயம். கர்நாடகத்தில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 2013இல் அங்கே வந்த துணைத் திட்டச் சட்டத்தில் 7-டி என்று ஒரு பிரிவு. பிரிக்க முடியாத பெரிய கட்டுமானங்களின் செலவில் ஒரு பகுதி பட்டியல் மக்களுக்குச் செலவானதாகக் 'கருதப்படும்'. செலவு செய்ய வேண்டியதில்லை, கருதினால் போதும்! தலித் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2023இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. மேம்பாலம் எல்லாருக்கும் என்றால் அதை எல்லாருடைய பணத்தில் கட்டு. எங்களுக்கென்று ஒதுக்கின பணத்தில் எங்களுக்கானதை மட்டும் கட்டு. இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை.

2010இல் நான் பி.காம். முதலாண்டு. விடுதியில் இருந்தேன். எந்த விடுதி என்பது வேண்டாம், எல்லா விடுதியும் அப்படித்தான் இருந்தது. வாலிபால் வலை கிழிஞ்சு போச்சு. புது வலை கேட்டு மனு எழுதினோம். அழகான கையெழுத்து என்று என்னைத்தான் எழுதச் சொன்னாங்க. 'ஒதுக்கீடு வரலை' என்று பதில். ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல துணி காயப்போடுற கயிறைக் கட்டி ஆடினோம். பந்து கயிறுக்கு மேலே போச்சா கீழே போச்சா என்று தினமும் சண்டை. அந்த அக்டோபரில்தான் விடுதித் தொலைக்காட்சியில் டெல்லித் தொடக்க விழாவைப் பார்த்தோம். பெரிய பலூன், வாணவேடிக்கை, நம்ம ரஹ்மான் பாட்டு. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

டெல்லியில் போன பணம் என் வாலிபால் வலைக்கு வர வேண்டிய பணம் இல்லை. அது டெல்லிச் சேரிப் பிள்ளைகளின் பணம். ஆனால் அங்கேயும் ஒரு விடுதி இருந்திருக்கும், ஒருத்தன் மனு எழுதியிருப்பான், 'ஒதுக்கீடு வரலை' என்று அவனுக்கும் சொல்லியிருப்பார்கள். ஒதுக்கீடு வந்தது தோழர்களே. வந்து, விளையாட்டு அரங்கத்துக்குப் போகும் வழியில் ரோடாக மாறிவிட்டது. பல வருசம் கழித்து இதைப் படித்தபோதுதான், அன்னைக்கு யாருடைய செலவுக்குக் கை தட்டினேன் என்று எனக்குப் புரிந்தது.

'வேலை வரும்' என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தது. அதற்கான கட்டுமானங்களில் வேலை செய்த தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. ஆட்களைக் கூட்டி வந்த ஜமாதார்கள் அதில் ஒரு ரூபாயைத் தங்கள் கமிஷனாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1982 செப்டம்பர் 18இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்கிறான் என்றால் வறுமை அவனைக் கட்டாயப்படுத்துகிறது. எனவே அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அண்ணல் தலைமையில் எழுதிய சட்டத்தின் ஒரு பிரிவுக்கு உயிர் வந்தது ஒரு விளையாட்டுத் திருவிழாவின் அஸ்திவாரக் குழியிலிருந்துதான்.

எங்க அப்பா வேப்பம்பட்டு ஸ்டேஷனில் விடிகாலை லோக்கல் பிடித்துச் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவர். சனிக்கிழமை கூலியில் ஒரு பங்கு 'மேஸ்திரி காசு' என்று போய்விடும். அதற்குச் சட்டத்தில் என்ன பேர் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் தீர்ப்பைப் படித்துச் சொன்னபோது கேட்டார்: "அப்போ அந்த ஒரு ரூபாயத் திருப்பிக் குடுத்தாங்களாப்பா?" என்னிடம் பதில் இல்லை.

சரி, பெருமை? ஆட்டக்காரர்கள் ஜெயிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. ஆனால் 2021 ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, ஹரித்துவார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதிப் பேரைச் சொல்லித் திட்டினார்கள் என்று காவல்துறையில் வழக்குப் பதிவானது. அதே போட்டியில் ஹாட்ரிக் கோல் போட்ட பெண் அவர். ஜெயித்தால் இந்தியா, தோற்றால் சேரி. பெருமையில் நமக்குக் கொடுக்கிற பங்கு இவ்வளவுதான்.

இன்னொரு பெண்ணைப் பாருங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியின் துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். கண்ணகி நகர் எது? சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுத்த மக்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம். பேரைச் சொன்னாலே வேலை தர யோசிப்பார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்த இடம். சர்வதேச அரங்கம் கட்டி வந்த தங்கம் இல்லை அது. குடியிருப்புக்கு நடுவில் ஒரு ஆடுகளமும், விடாமல் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்ததால் வந்தது. அரசு அவருக்கு 25 லட்சம் கொடுத்தது, நல்லது. ஜெயித்த பிறகு கொடுப்பது பரிசு. ஜெயிப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டியதுதான் உரிமை.

பணக்கார நாடுகளே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. 1976 ஒலிம்பிக் கடனை மான்ட்ரியல் நகரம் அடைத்து முடித்தது 2006இல். முப்பது வருசம்! 2026 காமன்வெல்த்தை நடத்துவதாகச் சொன்ன ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு எகிறுகிறது என்று 2023இல் கைவிட்டது. நஷ்ட ஈடாக 38 கோடி டாலர் கட்டியது. அது அவர்களுக்கு லாபமாம்.

அப்படியானால் போட்டிகளே வேண்டாமா? 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 92 கோடி ஒதுக்கியதாக அரசு சொன்னது. அதைப் பார்த்து நம்ம தெருப் பிள்ளைகளும் செஸ் பலகை வாங்கித் தரச் சொன்னார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். என் கேள்வி வேண்டும் வேண்டாம் என்பதல்ல. எவன் கணக்கில் பற்று எழுதுகிறாய்? கட்டுகிறவனுக்குக் கூலி முழுசாகப் போகிறதா? எந்தக் குடிசையைப் பிரித்து அந்த இடம் வந்தது? போட்டி முடிந்த மறுநாள் அந்த மைதானத்துக்குள் சேரிப் பையன் செருப்பில்லாத காலோடு போக முடியுமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராத அரசாங்கம், ஒரு கோலிக் குண்டுப் போட்டி நடத்தக்கூட நம்ம பணத்தைத் தொடக் கூடாது.

நீங்கள் மாணவர்கள். கோஷத்தோடு நிறுத்த வேண்டாம். பட்ஜெட் புத்தகங்களில் '789' என்று ஒரு சிறு தலைப்பு எண் இருக்கும். பட்டியல் சாதி மக்களுக்கான செலவு அந்த எண்ணில்தான் எழுதப்படும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர், நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் 22 பேர். 2024இல் இங்கேயும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தால் பணம் வந்துவிடாது. டெல்லியிலும் விதி இருந்தது, விதியை வைத்துக்கொண்டேதான் எடுத்தார்கள். ஒவ்வொரு 789க்கும் நேரே எந்த ஊர், எந்த வேலை, எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அங்கே வெளியே வந்தது பத்து ரூபாய் மனுவால்தான்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நாங்க கபடி ஆடின திடல் இப்போ மனைப்பிரிவு. கல் நட்டு நம்பர் போட்டுட்டாங்க. இப்போ நம்ம பையன்கள் ரோட்டில் ஆடுறாங்க, லாரி வந்தால் ஒதுங்குறாங்க. காலனிக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கு. இந்த முறை 'ஒதுக்கீடு வரலை' என்று சொன்னால், ஒதுக்கீடு எந்தப் பக்கம், எந்த வரி என்று அவர்களுக்கே எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு உங்களில் நாலு பேர் வேண்டும். அடுத்த ஞாயிறு பட்ஜெட் புத்தகத்தோடு வர்றேன். கவிதையை அப்புறம் பார்த்துக்குவோம்.

ஜெய் பீம்.