கோயிலுக்கு வர்ற கூட்டத்துல உழவருக்கும் பங்கு வேணும்!
(தஞ்சை தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)



நம்ம பெரிய கோயில் 1987-லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துருச்சு. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-ல சேர்ந்துச்சு. உலகமே பார்க்க வருது, பெருமைதான். ஆனா அதுல உழவருக்கு என்ன கிடைக்குது?

அந்தக் கோயில் கல்வெட்டைப் பாருங்க. எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்கணும், அதை அளக்குற 'ஆடவல்லான்' மரக்கால், எல்லாத்தையும் மாமன்னர் ராஜராஜன் பொறிச்சு வச்சிருக்கார். கோயிலைத் தாங்கினது நம்ம வயல்!

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் ஐயா 170 பாரம்பரிய ரகங்களுக்கு மேல மீட்டுக் கொடுத்தார். ஆனா மாப்பிள்ளைச் சம்பா வயல்ல அஞ்சு மாசம் நிக்கும், மகசூலும் குறைவு. சாதா நெல்லு விலைக்குக் கேட்டா எப்படிக் கட்டுப்படியாகும்? நல்ல விலை கிடைச்சாதானே அடுத்த வருஷமும் விதைப்பாங்க?

நல்ல விலை கொடுக்கக்கூடியவங்க கோயில் வாசல்லயே நிக்கிறாங்க. சாமி கும்பிட்டு, போட்டோ எடுத்து, சாயங்காலமே பஸ் ஏறிடுறாங்க.

நாங்க கேட்கிறது மூணுதான்:
✅ கோயில் பக்கத்துல உழவர் குழுக்களுக்கு வாடகை இல்லாத கடை
✅ சுற்றுலாத் துறை பயணத்துல ஒரு நாள் வயலும் கிராமத்துச் சாப்பாடும்
✅ பாரம்பரிய நெல்லைத் தனியா அரைக்க ஒன்றியத்துக்கு ஒரு அரவை மில்

அரசு செய்யட்டும், விடாம கேட்போம். நீங்களும் அடுத்த தடவை தஞ்சாவூர் வந்தா, உழவர்கிட்ட நேரடியா ரெண்டு கிலோ அரிசி வாங்கிட்டுப் போங்க.

#உழவருக்கும்_பங்கு